மலைப்பாதை நீராவி எஞ்சின்: அறிகுறியைக் கொண்டு கோளாறு கண்டறியும் வழிமுறை

இந்திய ரயில்வேயின் கனரகச் சரக்கு எஞ்சின்களில் முதன்மையானது டபிள்யூ.ஜி. வகை. 1950 முதல் 1970 வரை இருபது ஆண்டுகளில் 2,450 எஞ்சின்கள் அந்த வகையில் உருவாயின. மீட்டர் கேஜ் பாதைகளில் அதே பணியை ஒய்.ஜி. வகை செய்தது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே இன்றும் நீராவியில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சினை இவற்றோடு ஒப்பிட்டால், இணைத்த சக்கரங்கள் எட்டு, அவற்றின் பின்னால் தாங்கு சக்கரங்கள் இரண்டு என்ற அடிப்படை அமைப்பு மூன்றிலும் ஒன்றுதான். கொதிகலன், அதற்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் ஆகியவற்றில் நேரும் கோளாறுகளும் ஒன்றே. ஆயினும் அந்தக் கோளாறு வெளியே காட்டும் அறிகுறி மலையில் வேறாக இருக்கும். சமவெளிச் சரக்கு எஞ்சினில் கற்ற பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவரும் ஃபயர்மேன் (எஞ்சினின் நெருப்பைக் கவனிப்பவர்), இல்லாத கோளாறைத் தேடி நேரம் இழப்பதும், இருக்கும் கோளாறைக் காணாமல் விடுவதும் இதனால்தான்.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தொடங்கும் பல் தண்டவாளப் பகுதியில் (எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காகப் பற்கள் கொண்ட தண்டவாளம் நடுவே உள்ள இடம்) ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று. அதாவது ஒரு மீட்டர் முன்னே சென்றால் எட்டு செ.மீ. உயர்கிறோம். இந்த எட்டு செ.மீ. கணக்கை மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே கீழே உள்ள எதையும் படிக்க வேண்டும். ஷெட்டில் பயிற்சிக்கு வருவோரையும், எஞ்சினின் உள்ளியக்கத்தை அறிய விரும்பும் ஆர்வலர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேஜ் கிளாஸில் நீர்மட்டம் தவறாகத் தெரிகிறது, அல்லது தெரியவே இல்லை

கொதிகலனின் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்தான் கேஜ் கிளாஸ். அதன் பின்புறத்தில் கறுப்பு வெள்ளைச் சாய்கோடுகள் வரைந்த தகடு இருக்கும். கண்ணாடிக் குழாயில் நீர் உள்ள பகுதியில் அந்தக் கோடுகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து தடித்துத் தெரியும். நீராவி மட்டும் உள்ள பகுதியில் இயல்பாகத் தெரியும். முழுக் கண்ணாடியும் ஒரே சாய்வில் தெரிந்தால், குழாய் முழுவதும் நீரா, முழுவதும் நீராவியா என்பதைக் கோட்டின் திசையைக் கொண்டே முடிவு செய்யலாம். ரன்னிமேடு பக்கம் மூடுபனி கேபினுக்குள்ளேயே புகுந்துவிடும் நாட்களில் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால்தான் இது புலப்படும். நேராக அடித்தால் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கோடுகளை மறைத்துவிடும்.

மட்டம் மெய்யானதா என்று சோதிக்கும் முறை எளிது. மேலே உள்ள நீராவிக் குழாயின் காக் எனப்படும் அடைப்புத் திருகை மூடி, அடியில் உள்ள வடிகால் காக்கைத் திறந்தால் நீர் பீறிட வேண்டும். அடுத்து நீர்க் காக்கை மூடி நீராவிக் காக்கைத் திறந்தால் நீராவி பீறிட வேண்டும். பின்னர் வடிகாலை மூடி இரண்டையும் திறந்தால், நீர் சட்டென்று மேலே தாவி, சற்று ஆடி, நிலைகொள்ள வேண்டும். மெல்ல ஊர்ந்து ஏறினால் கீழ்த்துளையில் வண்டல் அடைத்திருக்கிறது என்று பொருள். அந்தக் கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்பலாகாது. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இரண்டு கண்ணாடிகளையும் இவ்வாறு சோதித்து, இரண்டும் ஒரே மட்டத்தைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது நன்று.

இனி மலைக்கே உரிய பகுதி. புகைபோக்கி மேட்டைப் பார்த்திருக்க எஞ்சின் ஏறும்போது, கொதிகலனுக்குள் நீர் பின்பக்கம், அதாவது நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸ் பக்கம் ஒதுங்குகிறது. கேஜ் கிளாஸ் பொருத்தப்பட்டிருப்பதும் பின்பக்கத் தகட்டில்தான். ஃபயர்பாக்ஸ் கூரைத் தகட்டின் முன்விளிம்பு கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டர் முன்னே இருக்கிறது என்று கொண்டால், அந்த விளிம்பின் மேல் நிற்கும் நீர், கண்ணாடியைக் கொண்டு நாம் எண்ணுவதைவிட 12 செ.மீ. குறைவு. சமதளத்தில் அரைக் கண்ணாடி தரும் பாதுகாப்பை ஏற்றத்தில் அரைக் கண்ணாடி தராது.

இதைவிடக் கவனம் வேண்டிய தருணம் குன்னூர் நிலையத்துக்குள் நுழைவது. ஏற்றம் முடிந்து தளம் சமமாகும்போது பின்னே ஒதுங்கியிருந்த நீர் முன்னே பரவி, கண்ணாடியில் மட்டம் இறங்கும். அதே நேரத்தில், சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரும் மூடப்படுவதால், நீருக்குள் எழும் குமிழிகள் அடங்கி, நுரைத்து உயர்ந்திருந்த நீர் மேலும் தாழும். இரண்டு இறக்கங்களும் ஒரு நிமிடத்துக்குள் சேர்ந்து வரும். ரன்னிமேட்டைக் கடந்தபோது போதுமானதாகத் தெரிந்த மட்டம், நடைமேடையில் நின்றதும் கண்ணாடியின் அடி நட்டுக்கு இறங்குவது இப்படித்தான். ஆகவே காட்டேரி ரோட்டிலிருந்தே மட்டத்தைச் சற்று உயர்த்தி வைத்துக்கொண்டு வர வேண்டும்.

நீர் கண்ணாடியை விட்டே மறைந்துவிட்டால், இடம், நேரம், பின்னால் காத்திருக்கும் வண்டி ஆகிய எதையும் எண்ணாமல் நெருப்பை நிறுத்துவதே முதல் வேலை. எண்ணெய் எரிக்கும் எஞ்சினில் எண்ணெய் வால்வை மூடினால் போதும்; நிலக்கரி எஞ்சினில், நெருப்புக்குக் காற்று விடும் டாம்பரை மூடி, ஈர மண்ணோ ஈரக் கரித்தூளோ போட்டு அமுக்கி, நெருப்பைக் கீழே தள்ள வேண்டும். கூரைத் தகட்டில் லெட் பிளக் எனப்படும் ஈய அடைப்பான் உண்டு. டபிள்யூ.ஜி. போன்ற எஞ்சினின், சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தத்தில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகுவது 327 டிகிரியில். தகட்டின் மேல் நீர் இருக்கும்வரை ஈயம் உருகாது. நீர் விலகினால் உருகி, அந்தத் துளை வழியே நீராவி நெருப்பின் மேல் சீறும். அந்தச் சீற்றம் கேட்கும் கட்டம்வரை விடுவது பணியில் ஏற்க முடியாதது. பிளக் உருகிய எஞ்சினை பாய்லர் ஆய்வாளர் தகட்டைப் பார்த்த பிறகே மீண்டும் பற்றவைக்க வேண்டும்.

அழுத்தம் ஏறவில்லை, அல்லது ஏற்றத்தில் இறங்கிக்கொண்டே போகிறது

மிகுதியாக வரும் புகார் இதுதான். உடனே கரியை அள்ளிப் போடுவது இதைப் பெரிதாக்கும் தவறான மருந்து. நெருப்பு, காற்று, இழுவை, நீராவி வீணாதல் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

நிலக்கரி எஞ்சினில் ஃபயர்பாக்ஸ் கதவைச் சிறிது திறந்து, கரண்டியைக் கவிழ்த்து உள்ளே நீட்டினால், கரண்டியைத் தொட்டுச் செல்லும் காற்றின் போக்கில் தணலின் மேற்பரப்பு தெளிவாகத் தெரியும். தணல் மங்கிய சிவப்பாக இருந்தால் காற்று போதவில்லை. சாம்பல் தட்டு நிறைந்திருக்கலாம், டாம்பர் மூடியிருக்கலாம், அல்லது கம்பித்தட்டின் மேல் சாம்பல் உருகிய கிளிங்கர் பாளமாக இறுகியிருக்கலாம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி என்பதால் கிளிங்கரை முதலில் ஐயுற வேண்டும். நீண்ட கம்பியால் அடியில் குத்தி நெம்பினால் பாளம் கனமாக அசைவதைக் கையே உணரும். மாறாக, ஓரிடத்தில் மட்டும் கண்கூசும் வெண்மையும் சுற்றிலும் மங்கலும் இருந்தால் அங்கே தணலில் ஓட்டை விழுந்து, குளிர்காற்று நேராக, சூடான புகை கொதிகலனுக்குள் செல்லும் ட்யூப்களுக்குப் போகிறது. ஏற்றத்தில் எஞ்சின் அதிர்வோடு உழைப்பதால் தணல் மெல்லப் பின்பக்கம் சரிந்து, முன்பக்கம் மெலிவது இயல்பு. ஹில்குரோவில் தண்ணீருக்காக நிற்கும் நேரத்தை, முன் மூலைகளை நிரப்பப் பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய் எரிக்கும் எஞ்சினில் புகையின் நிறமே வழிகாட்டி. கரும்புகை என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று குறைவு. வெண்புகை என்றால் காற்று மிகுந்து, எண்ணெய் முழுதாக எரியாமல் ஆவியாகப் போகிறது. புகைபோக்கியின் வாயில் மெல்லிய சாம்பல் நிறத் திரை நிற்பதே சரியான நிலை. சுடர் விட்டுவிட்டுப் பொரிந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது. தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலைப் பொழுதில் மட்டும் சுடர் சோம்பினால், எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கிறதா என்று பாருங்கள். சுடர் ஒருபக்கம் சாய்ந்தால் பர்னர் வாயில் கரி படிந்திருக்கும்.

நெருப்பு நன்றாக இருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால் பார்வையைக் கொதிகலனின் முன்முனையில் உள்ள புகைப்பெட்டிக்குத் திருப்ப வேண்டும். சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி பிளாஸ்ட் பைப் வழியே புகைபோக்கியில் பாய்வதால்தான் புகைப்பெட்டியில் வெற்றிடம் உண்டாகி, நெருப்பின் மேல் காற்று இழுக்கப்படுகிறது. புகைப்பெட்டிக் கதவின் விளிம்பில் காற்று கசிந்தால் அந்த இழுவை பாழாகும். கதவின் அடிப்பகுதியில் வண்ணம் கருகிக் கொப்புளித்திருப்பது, உள்ளே குவிந்த கரித்துகள் கசியும் காற்றால் எரிகிறது என்பதற்கு உறுதியான சான்று. நின்ற நிலையிலும் இழுவை தரும் நீராவித் தாரையான ப்ளோயரைத் திறந்துவிட்டு, எரியும் பஞ்சைக் கம்பியில் சுற்றி விளிம்போரமாகக் கொண்டுசென்றால், கசியும் இடத்தில் சுடர் உள்ளே வளையும். கதவைத் திறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் ட்யூப் தகட்டில் ஓரிடம் மட்டும் புகைக்கரி இன்றிக் கழுவிவிட்டாற்போல இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நீராவிக் குழாயின் இணைப்போ, நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாயோ கசிகிறது. அந்தக் கசிவு இழுவையையும் கெடுக்கும், நீராவியையும் வீணாக்கும்.

பொறி தடுக்கும் வலை அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான். வலையைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் உடனே சுறுசுறுப்பாகும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கல்லாறு முதல் ஹில்குரோவ் வரை இருபுறமும் காய்ந்து நிற்கும் காட்டில் அதைச் செய்வது பெருங்குற்றம் என்றே கருதுகிறேன். வலையைத் துலக்க ஆகும் நேரம் எவ்வளவானாலும் துலக்கித்தான் ஆக வேண்டும்.

இன்ஜெக்டர் தண்ணீரைப் பிடிக்கவில்லை

வழிந்தோடும் குழாயின் வாயைப் பாருங்கள். வெறும் நீராவி வந்தால் நீர் வரவில்லை, அல்லது நீர் சூடாகிவிட்டது. வெறும் நீர் வழிந்தால் நீராவி போதவில்லை. இரண்டும் கலந்து துப்பினால் அளவு பொருந்தவில்லை, அல்லது உள்ளேயுள்ள கூம்புகள் தேய்ந்தோ உப்புப் படிந்தோ இருக்கின்றன.

நீராவி நீரில் குளிர்ந்து அடங்கும்போது பிறக்கும் வேகமே இன்ஜெக்டரை இயக்குகிறது என்பதால், நீர் சூடானால் அது வேலை செய்யாது. நீரும் கரியும் சுமக்கும் டெண்டர் வண்டி இணைந்த டபிள்யூ.ஜி.யில் நீர்த்தொட்டி கொதிகலனிலிருந்து விலகியிருந்தது. எக்ஸ் எஞ்சினில் தொட்டிகள் கொதிகலனின் பக்கத்திலேயே இருப்பதால், வெயில் நாளில் மேட்டுப்பாளையத்தில் வெகுநேரம் நின்ற எஞ்சினில் இந்தக் கோளாறு தோன்றலாம். இன்ஜெக்டரின் மேல் ஒரு வாளி குளிர்ந்த நீரை ஊற்றிப் பாருங்கள்; பிடித்துக்கொண்டால் காரணம் வெப்பம்தான். மூடியிருக்கும்போதே அதன் உடல் சுடுகிறது என்றால், கொதிகலனில் நீர் நுழையும் இடத்திலுள்ள கிளாக் வால்வு சரியாக அமராமல் வெந்நீரைத் திருப்பி அனுப்புகிறது. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் அமர்ந்துவிடும், அமராவிட்டால் ஷெட்டில் கழற்றி அரைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் சருகும் வண்டலும் கலந்த ஓடை நீர் தொட்டிக்குள் வருவதால், அந்த மாதங்களில் வடிகட்டியை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

புகைபோக்கியிலிருந்து நீர் தெறிக்கிறது

இது பிரைமிங், அதாவது நீராவியோடு கொதிகலன் நீரும் சிலிண்டருக்குள் போவது. ரெகுலேட்டரைப் பாதி மூடி, சிலிண்டர் வடிகால்களை உடனே திறக்க வேண்டும். நீர் சுருங்காது என்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் மூடிக்கும் நடுவில் அகப்பட்டால் மூடியை உடைத்துவிடும். நீர்மட்டம் மிக அதிகமாக இருத்தல், ரெகுலேட்டரைச் சட்டென்று திறத்தல், கொதிகலன் நீரில் உப்பும் வண்டலும் சேர்ந்து நுரைத்தல் ஆகிய மூன்றில் ஒன்றே காரணமாக இருக்கும். மூன்றாவது என்றால் ப்ளோடவுன் செய்து (கொதிகலனின் அடிநீரை வெளியேற்றி) நீரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூச்சுச் சத்தம் ஒழுங்காக இல்லை

இரண்டு சிலிண்டர் கொண்ட சரக்கு எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கியில் நான்கு மூச்சு, அதாவது கழிநீராவி வெளியேறும் ஒலி, கேட்கும். நான்கில் ஒன்று தேய்ந்தோ இடம் தவறியோ கேட்டால் வால்வின் அமைப்பில் கோளாறு. மூச்சுகளுக்கு இடையே விடாமல் ஓர் இரைச்சல் ஓடினால் வால்வு வளையமோ பிஸ்டன் வளையமோ கசிகிறது. டபிள்யூ.ஜி., ஒய்.ஜி. ஓட்டியவர்களுக்கு இது கைவந்த பாடம்.

எக்ஸ் எஞ்சினில் இந்தப் பாடத்தை அப்படியே பயன்படுத்த முடியாது. அதில் சிலிண்டர்கள் நான்கு. சாதாரணத் தண்டவாளத்தில் உயரழுத்தச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சக்கரங்களை இயக்க, அவற்றின் கழிநீராவி நேரே புகைபோக்கிக்குப் போகிறது. பல் தண்டவாளத்தில் ஏறியதும் அந்தக் கழிநீராவி தாழழுத்தச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் திருப்பப்பட்டு, அவை பல்சக்கரத்தை இயக்கிய பிறகே வெளியேறுகிறது. எனவே கல்லாறுக்கு மேல் புகைபோக்கியில் நாம் கேட்பது பல்சக்கர எஞ்சினின் மூச்சு. அது பற்சக்கர இணைப்பின் வழியே வேறு வேகத்தில் சுழல்வதால், கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தின் சுற்றோடு மூச்சு ஒத்துவராது. சமவெளியிலிருந்து வருவோர் இதையே கோளாறு என்று எண்ணி ரிப்பேர் புத்தகத்தில் எழுதுவதுண்டு.

இதனால் ஒரு வசதியும் உண்டு. மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரை மூச்சு சீராக இருந்து, அதற்கு மேல் கெட்டால் கோளாறு தாழழுத்தப் பக்கம். கல்லாறுக்கு முன்பே கெட்டிருந்தால் உயரழுத்தப் பக்கம். ஏற்றத்தில் மழையாலோ இலைச் சருகாலோ சக்கரம் வழுக்கினால், மிகையான நீராவி தாழழுத்தப் பக்கம் போய்ப் பல்சக்கரத்தின் வேகமான உழைப்பாக மாறும். அப்போது மூச்சு சில நொடிகள் வலுத்து மீளும். அது அமைப்பின் இயல்பே அன்றிக் கோளாறு அன்று.

நின்ற நிலையில் உறுதி செய்ய, பிரேக்கைப் போட்டு, முன், பின் திசையை மாற்றும் ரிவர்சரை நடுவில் வைத்து, வால்வு இரு வாய்களையும் மூடியிருக்கும்படி கிராங்கை நிறுத்தி, ரெகுலேட்டரைச் சற்றே திறந்து, வடிகால்களைப் பாருங்கள். நீராவி வந்தால் வால்வு கசிகிறது. பின்பு ரிவர்சரை முன்னே தள்ளினால் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு மட்டும் நீராவி போக வேண்டும். மறுபக்க வடிகாலிலும் வந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது.

தட்டும் ஓசை

ரெகுலேட்டர் மூடியதும் தட்டல் நின்றுவிட்டால் கிராங்கு, கிராஸ்ஹெட் (பிஸ்டன் தண்டு இணையும் இடம்) பேரிங்குகளையும், மூடிய பிறகும் தொடர்ந்தால் அச்சுப்பெட்டியின் ஆப்பையும் பாருங்கள். பல் தண்டவாளத்தில் மட்டும், பல்சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஒரே சீராக இடி விழுந்தால் பல் சேதமடைந்திருக்கலாம். அதைக் குழிமேல் நிறுத்தி ஒவ்வொரு பல்லாகப் பார்க்காமல் மறுநாள் ஏற்றத்துக்கு அனுப்பக் கூடாது.

வாக்குவம் பிரேக்கில் போதிய அளவு வரவில்லை

கடைசியாக, கோளாறே இல்லாமல் கோளாறு போலத் தோன்றும் ஒன்று. வாக்குவம் என்பது பிரேக் குழாயில் உண்டாக்கும் வெற்றிடம்; அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் போக முடியாது. சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் பாதரசக் கணக்கில் 73 செ.மீ. அளவு; 1,700 மீட்டரைக் கடந்த குன்னூரில் 62 செ.மீ. அளவே. கீழே எளிதில் வந்த வாக்குவத்தை மேலே உண்டாக்க, காற்றை உறிஞ்சும் எஜெக்டர் கூடுதலாக உழைக்க வேண்டும்; அதனால் முள் மெதுவாக ஏறும். கசிவா, உயரமா என்று பிரித்தறிய, வேண்டிய அளவு வாக்குவத்தை உண்டாக்கி எஜெக்டரை மூடிவிட்டு முள்ளைக் கவனியுங்கள். முள் நிலையாக நின்றால் உயரமே காரணம். விரைந்து இறங்கினால் கசிவு உள்ளது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துண்டித்து, எந்தப் பெட்டியைப் பிரித்ததும் இறக்கம் நிற்கிறது என்று கண்டு, அதன் ஹோஸ் வாஷரை முதலில் மாற்றுங்கள். இந்தச் சோதனையைக் குன்னூரிலிருந்து இறங்கத் தொடங்கும் முன் முடிக்க வேண்டும். கைப்பிரேக்கும் எஞ்சினின் எதிரழுத்த பிரேக்கும் இருக்கின்றன என்ற துணிவில் கசியும் வாக்குவத்தோடு வண்டியை எடுக்க யாரும் இசையக் கூடாது.